எல்லாருக்கும் முழுப் பேர்

மணி அடித்தபோது நான் தேத்தண்ணியில் பணிஸைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வாய்க்கு அது ஒன்றுதான் இறங்கியது.

எங்கள் வைத்தியசாலையில் மணிச் சத்தம் என்றால் சந்தோஷச் செய்தி. மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கழற்றி வந்து வாட்டு வாசலில் தொங்கவிட்ட மணி அது. இரத்தப் புற்றுநோயிலிருந்து தேறி வீடு திரும்புகிறவர், உடுப்புப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை மூன்று தரம் அடிப்பார். நாங்கள் வரிசையாக நின்று கை தட்டுவோம். குசினியிலிருந்து பாயாசம் வரும்.

அன்று மணி மூன்றோடு நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தவர் நோயாளி இல்லை, டாக்டர் யோகேஸ்வரன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூசைக்கு அடிப்பதுபோல் விடாமல் அடித்தார்.

"எட்டுக் கட்டிலுக்கும் விழுந்திருச்சு. ஒரே நாள்ல எட்டுப் பேருக்கும் ரத்தக் கணக்கு விழுந்திருச்சு. எல்லாரும் ஓடி வாங்க."

நான் பணிஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நனைந்த பணிஸை அப்படியே விட்டால் உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிடும்.

ஐயா, நீங்கள் பொலிஸ்காரராக இருந்தாலும் மரியாதையாகக் கேட்டீர்கள், "ஏன் செய்தாய்" என்று. மற்றவர்கள் எல்லாரும் "எப்படி மனசு வந்தது" என்றுதான் கேட்டார்கள். மனசு எப்படி வருகிறது என்று யாருக்குத் தெரியும்? ஏன் என்றால் சொல்லலாம். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அவசரமாக இருந்தால் சொல்லுங்கள், சுருக்கிக்கொள்கிறேன்.

என் பெயர் ஜூட்சன். இங்கே ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்ப்பவன். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் துரை பங்களா. இப்போது தர்ம நிதியில் நடக்கிறது. கொழும்பில் மருந்து ஏற்றிக்கொண்டு துவண்டுபோய் வருகிறவர்களை இங்கே வைத்துப் பார்ப்போம். அந்த மருந்து கெட்ட அணுக்களோடு நல்லவற்றையும் அழித்துவிடும். பிறகு நல்லவை மெல்ல ஏற வேண்டும். கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களும் ஏற வேண்டும், இரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் ஏற வேண்டும். ஏறினால் வீடு. ஏறாவிட்டால் நுவரெலியாவிலிருந்து தட்டணுப் பை வரவழைத்து ஏற்ற வேண்டும், எலும்பு மச்சையைக் குத்திப் பார்க்க வேண்டும், மறுபடியும் கொழும்பு.

வாரத்தில் இரண்டு காலை நான் எட்டுக் கட்டிலுக்கும் போய் ஆளுக்கு ஒரு சிறு குழாய் இரத்தம் எடுப்பேன். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து இயந்திரத்தில் வைப்பேன். இயந்திரம் காட்டும் இலக்கம் அதே நேரத்தில் வாட்டுச் சுவரில் இருக்கிற திரையிலும் தெரியும். அவ்வளவுதான் என் வேலை. யாரும் என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஷாமிலா வந்தார். கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளர். சேற்றுக்குப் பயந்து முழங்கால்வரை சப்பாத்து போட்டுக்கொண்டு, கதவு திறந்திருந்தாலும் தட்டிவிட்டு உள்ளே வருகிற நல்ல பெண். அவருடைய ஆய்வு இது: நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஊழியர் நன்றாக வேலை செய்கிறாரா இல்லையா என்பது நோயாளியின் இரத்தத்தில் தெரியுமா? அன்பாகப் பேசினால் தட்டணு ஏறுமா? முகம் சுளித்தால் இறங்குமா? ஆளுக்கு ஒரு கட்டில் என்று தாதிமாருக்குப் பிரித்துக் கொடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதாகத் திட்டம்.

கூட்டம் வைத்து அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற வேலாயி அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார். ஷாமிலாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்.

"இதுல ஒண்ணும் இல்லைங்க. நோயாளிதான் மலை. ரத்தந்தான் கொழுந்து. கொழுந்து ஏறுனா தாதிக்கு முழுப் பேர். ஏறலைன்னா அரைப் பேர்."

எல்லாருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வேலாயி அக்கா கண்ணைத் திறந்து, "அப்படிச் சொன்னா என்னவாம்?" என்றார்.

இங்கே இருக்கிற எல்லாரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான் அன்றைக்கு முழுப் பேர் போட்டு முழுச் சம்பளம் தருவார்கள், குறைந்தால் அரைப் பேர்தான் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். என் அப்பா திம்புள்ளப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுத்துப் பேர் போட்டவர். ஆகவே எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். நான் செய்தது மொழிபெயர்ப்பு மட்டும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

டாக்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. நிர்வாகத்துக்கு இன்னும் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே, மலையில் ஆள் பிரிக்கிற மாதிரி, வாட்டில் பெரட்டு ஆரம்பமானது. காலையில் தாதிமார் வரிசையாக நிற்க, டாக்டர் துரை மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவார். நான் கட்டில்களைக் காட்டி, யாருக்கு எந்த நிரை என்று சொல்வேன். திரையில் இலக்கம் தெரிந்ததும் முழுப் பேரா அரைப் பேரா என்று உரக்கக் கூப்பிடுவதும் நான்தான். தொடர்ந்து அரைப் பேர் வாங்குகிறவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று நிர்வாகம் ஒரு வரி சேர்த்தது. அந்த வரி என்னுடையது இல்லை.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மலையில் நல்ல நிரைக்குச் சண்டை பிடிப்பார்களே, அதேதான். மூன்றாம் கட்டிலில் வினோஜன் என்று ஹட்டன் ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு யார் பார்த்தாலும் ஏறும். பார்க்காவிட்டாலும் ஏறும். அப்படி ஓர் இரத்தம். அவருக்காகத் தாதிமார் மோதிக்கொண்டார்கள்.

"அண்ணே, நான் லீவுல போகையில வினோஜன் என் நிரை. வந்து பாத்தா நிஷாந்தி நிக்கிறா. இது என்னங்க நியாயம்?" என்றாள் தனுஜா.

"நீ போயிட்டா மலைய அப்படியே முத்த விட்டுருவாங்களா?" என்றாள் நிஷாந்தி. "நான்தான் அவருக்குத் தல சீவி விட்டேன்."

"அவருக்குத் தலையில முடியே இல்லையேடி."

"இருக்கிற மாதிரி நெனச்சுச் சீவுனேன். அதான் ஏறுச்சு."

வினோஜன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அக்காமாரே, என்னைய ரெண்டா வெட்டிப் பங்கு போட்டுக்கங்க. எனக்குச் சோறு மட்டும் நேரத்துக்கு வந்தாச் சரி" என்றார்.

வேலாயி அக்கா தான் அழுத்தித் துடைத்த கட்டில்கள்தான் ஏறுகின்றன என்று சொல்லி, தனக்கும் அரைப் பேராவது போட வேண்டும் என்று நின்றார். சமையல்காரர் பீட்றூட்டின் பெயரில் உரிமை கோரினார். ஒரு நாள் ஏழாம் கட்டில் ஆளையே காணவில்லை. தேடினால் துணி துவைக்கிற அறையில், போர்வைக் குவியலுக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட் பக்கட் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அன்று இரத்தம் விழுந்திருக்கும் என்று அவருடைய தாதிக்குப் பயம். ஆள் இல்லாவிட்டால் கணக்கும் இல்லை அல்லவா? அவர் நாங்கள் கண்டுபிடித்ததை விரும்பவில்லை. அங்கே சூடாக இருந்ததாம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தனுஜாவுக்கு அமைந்தது எட்டாம் கட்டில். ஜன்னலோரம். அதில் சண்முகவடிவு.

சண்முகவடிவு திம்புள்ளப் பக்கத்துக் கொழுந்துக்காரி. நாற்பது வயது இருக்கும். வாட்டிலேயே நன்றாகப் பேசுகிறவர் அவர்தான். இரத்தம்தான் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் மருந்து ஏற்றியும் தட்டணு தரையிலேயே கிடந்தது. தனுஜா என்னதான் செய்யவில்லை? கஞ்சி ஊட்டினாள், காலை அமுக்கினாள், கதை சொன்னாள். எங்கள் தாதிமாரில் அவளைப் போல் நோயாளியைப் பார்க்கிற ஒருத்தி இல்லை. வாரா வாரம் நான் அவளுக்கு அரைப் பேர் கூப்பிட்டேன். இன்னும் ஒரு மாதம் அப்படிப் போனால் அவளுக்கு வேலை இல்லை. வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

ஒரு காலை நான் ஊசி குத்தப் போனபோது சண்முகவடிவு கேட்டார்.

"தம்பி, இன்னைக்கு எனக்கு எத்தன கிலோ வரும்?"

"பாப்போம்க்கா."

"என்னால மிஸ்ஸிக்கு அரைப் பேர் விழுதே, எனக்கு வெக்கமா இருக்கு. மலையில நான் ஒரு நாள் அரைப் பேர் வாங்குனதில்ல. கொறஞ்சா பக்கத்து நிரைக்காரி ரெண்டு புடி அள்ளி என் சாக்குல போட்ருவா. அவளுக்குக் கொறஞ்சா நான் போடுவேன்." பிறகு தன் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ரத்தத்த எவ அள்ளிப் போடுவா?"

தனுஜாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது.

அப்பா மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருத்தி தன் சாக்கிலிருந்து அள்ளி இன்னொருத்தி சாக்கில் போடுவாள். அந்த நேரம் பார்த்து அப்பா தராசு முள்ளைத் துடைப்பார், இல்லையென்றால் மூக்கைச் சிந்துவார். முள் காட்டுகிற கிலோவை மாற்றி எழுத மாட்டார். சாக்கில் எப்படி வந்தது என்று கேட்கவும் மாட்டார். அவரைப் போல நேர்மையான கணக்கப்பிள்ளை அந்தப் பக்கத்தில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அன்று ஆய்வுகூடத்தில் சண்முகவடிவின் குழாயும் வினோஜனின் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வினோஜனின் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து சண்முகவடிவின் குழாயில் விட்டேன். இரண்டு பேரும் ஒரே இரத்த வகையா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலையில் இரண்டு பிடி கொடுத்தால் கொடுத்தவளுக்கு இரண்டு பிடி குறையும். இங்கே அதுவும் இல்லை. குழாயில் எவ்வளவு இருந்தாலும் வினோஜனின் இலக்கம் மாறாது. யாருக்கும் எதுவும் குறையவில்லை. இவ்வளவு சுத்தமான உதவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இலக்கத்தையே மாற்றியிருக்கலாமே, எதற்கு இந்தச் சிரமம் என்று நேற்று உங்கள் சார்ஜன்ட் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இலக்கத்தை மாற்றுவது பொய். இயந்திரம் காட்டிய இலக்கத்தில் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை. தாதிமார் சந்தேகமாகக் கேட்கும்போதெல்லாம், "மெசின் பொய் சொல்லாதும்மா" என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அது தனக்குக் கொடுத்ததைத்தான் சொன்னது.

திரையில் எட்டாம் கட்டிலின் இலக்கம் ஏறியது. நான் "தனுஜா, முழுப் பேர்" என்று கூப்பிட்டேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சண்முகவடிவு எழுந்து உட்கார்ந்து, "அதான் காலையில இருந்து ஒடம்பு லேசா இருந்துச்சு" என்றார். அந்தச் சந்தோஷத்தை யார் கொடுத்தது? நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். திடீரென்று ஏறினால் நம்ப மாட்டார்கள். நுவரெலியாவிலிருந்து வரவிருந்த தட்டணுப் பையை டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மச்சையைக் குத்திப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். "இலக்கம் இவ்வளவு அழகா இருக்கு. எதுக்கு மனுசிய குத்தி வேதனப்படுத்தணும்?" என்றார். அவர் இரக்கமுள்ளவர். ஒரு நாள் சண்முகவடிவு பல்லீறில் இரத்தம் கசிகிறது என்று சொன்னபோது டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு அவருடைய பல் தூரிகையைப் பார்த்தார். மெல்லிய தூரிகையாக வாங்கிக் கொடுக்கச் சொன்னார். தனுஜா தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தாள். நீல நிறம்.

சண்முகவடிவு மணி அடித்த நாளில் நல்ல வெயில். மூன்றாம் தரம் அடிக்கும்போது கயிறு கையிலிருந்து நழுவியது. அவருடைய புருசன் செல்லசாமி கையைச் சேர்த்துப் பிடித்து அடிக்க வைத்தார். சண்முகவடிவின் முழங்கையில் நீலம் பாரித்திருந்ததை நான் பார்த்தேன். கயிறு பட்டிருக்கும் என்று நினைத்தேன். பாயாசத்தில் அன்று ஏலக்காய் கூடிவிட்டது.

செல்லசாமி அடுத்த மாதம் திரும்பி வந்தார், தனியாக. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முதலில் டாக்டரைக் கும்பிட்டார், பிறகு தனுஜாவை, கடைசியில் ஆய்வுகூடத்துக்கு வந்து என்னை.

"நீங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்தீங்க" என்றார். "மூக்குல ரத்தம் வந்துச்சு. நிக்கவே இல்ல. அம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அவ கடைசி வரைக்கும் சொன்னா, பயப்படாதீங்க, எனக்குத்தான் நம்பர் நல்லா இருக்கேன்னு. ஒங்க கணக்கு சரியாத்தாங்க இருந்துச்சு. அவ ஒடம்புதான் கணக்கக் கேக்கல."

நான் ஒரு பழம் எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். நல்ல பழம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அதைப் பற்றி நானும் யோசித்தேன். தனுஜாவுக்கு முழுப் பேர் விழுந்ததிலிருந்து மற்றத் தாதிமாரின் முகம் சுருங்கிக் கிடந்தது. ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களைப் பட்டினி போடுவது கங்காணித்தனம். கங்காணிமாரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆகவே எல்லாக் கட்டிலுக்கும் கொடுக்கத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில் வினோஜன் நிஜமாகவே குணமாகி, மணியை அடித்துவிட்டு ஹட்டனுக்குப் போய்விட்டார். நல்ல மலை கைவிட்டுப் போனால் என்ன செய்வது? நான் என் இடது கையைப் பார்த்தேன். என் இரத்தத்தை ஒரு முறை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணு, தட்டணு எல்லாம் அப்படியே பாட நூலில் இருக்கிற மாதிரி. அதற்கு முன் என்னிடம் இப்படி ஒரு சொத்து இருப்பது எனக்கே தெரியாது.

பிறகு கலப்பதையும் விட்டுவிட்டேன். வகை பார்த்துக் கலப்பது சிரமமான வேலை. கட்டிலுக்குக் கட்டில் போய் இரத்தம் எடுப்பேன், அதைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன், குழாய்களை என் இரத்தத்தால் நிரப்புவேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்பதற்காகச் சிலதில் கொஞ்சம் உப்பு நீர் சேர்ப்பேன். புதிதாக வந்தவர்களுக்கு அதிகமாக, வீட்டுக்குப் போகப் போகிறவர்களுக்குக் குறைவாக. ஈரக் கொழுந்துக்கு அப்பா தண்ணீர் கழிப்பார், நான் தண்ணீர் சேர்த்தேன். அவ்வளவு இரத்தமும் ஊற வேண்டும் என்று பீட்றூட் நிறையச் சாப்பிட்டேன். சமையல்காரர் என்னைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார்.

வாட்டு அதற்குமுன் அப்படி இருந்ததே இல்லை. ஒவ்வொரு தரமும் எல்லாருக்கும் முழுப் பேர். சண்டை நின்றது. நிஷாந்தியும் தனுஜாவும் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டார்கள். வேலாயி அக்காவுக்கும் நான் ஒரு பேர் போட்டேன். ஒருவர் பின் ஒருவராக மணி அடித்துவிட்டுப் போனார்கள். போன வேகத்தில் புது ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களும் ஏறினார்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் கிழவர்களுக்கும் ஒரே மாதிரி ஆரோக்கியம். அதற்கு முருங்கைக்கீரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். போனவர்களில் சிலர் பிறகு சோதனைக்கு வரவில்லை. குணமானவர்கள் எதற்கு வரப் போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

ஷாமிலா திரையைப் பார்த்துக் கண் கலங்கினார். "ஜூட்சன், எட்டுப் பேருடைய ரத்தமும் ஒண்ணாவே ஏறுது, ஒண்ணாவே இறங்குது. இப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லை. இது ஊழியர்களுடைய ஒற்றுமை. நீங்க கொழும்புக்கு வந்து இதைச் சொல்லணும்."

போனேன். பெரிய மண்டபம். அவர் படம் போட்டுக் காட்டினார். நான் மேடையில் நின்று மலை, நிரை, முழுப் பேர் எல்லாம் விளக்கினேன். கை தட்டினார்கள். வேறு வைத்தியசாலைக்காரர்கள் வந்து, தங்கள் ஊழியர்களுக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். சாயங்காலம் தோட்டத்தில் தேநீர் கொடுத்தார்கள். அங்கே நுளம்பு அதிகம். நான் கழுத்துப் பட்டி கட்டியிருந்ததால் குனிந்து காலைச் சொறிய முடியவில்லை.

திரும்பி வந்த சில நாளில் காய்ச்சல் பிடித்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் நோவு. லீவு போடலாம்தான். நான் போகாவிட்டால் எட்டுப் பேர் என்ன ஆவார்கள்? எட்டுத் தாதிமார் என்றும் சொல்லலாம், எப்படிச் சொன்னாலும் கடமைதான். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, வழக்கம்போல் இடது கையிலிருந்து எடுத்து, வழக்கம்போல் நிரப்பி, வழக்கம்போல் இயந்திரத்தில் வைத்துவிட்டு, பணிஸைப் பிரித்தேன். மணி அடித்தது அப்போதுதான்.

தாதிமார் ஆளாளுக்குக் கத்தினார்கள். "நீ நேத்து மொகத்த உம்முன்னு வச்சிருந்தியே, அதாண்டி" என்று ஒருத்தி. "நீ பெரட்டுக்குப் பிந்தி வந்தது மறந்து போச்சா?" என்று மற்றவள். எனக்கும் அவர்கள்மேல் சந்தேகம் இருந்தது. நான் இரண்டு நாள் இல்லாவிட்டால் வேலையில் கவனம் குறைந்துவிடுகிறது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், ஐயா. அந்த நிமிடத்தில் என் கை எனக்கு ஞாபகம் வரவில்லை.

இயந்திரம் பழுது என்று நினைத்த டாக்டர், குழாய்களை நுவரெலியாவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். வெள்ளை அணுவும் தட்டணுவும் சேர்ந்து விழுந்திருக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு டெங்கு சோதனையும் செய்தார்கள். எட்டுப் பேருக்கும் டெங்கு.

இந்தக் குளிரில் டெங்கு நுளம்பு வாழாது. சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்த்தார், கூரைப் பீலியில் கையை விட்டுப் பார்த்தார், மணிக்குள்ளேயும் எட்டிப் பார்த்தார். ஒரு நுளம்பும் அகப்படவில்லை. டாக்டர் காய்ச்சல் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. பிறகு ஆய்வுகூடத்துக்கு வந்தார். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு இருந்தேன். கருவியை என் வாயில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். என் இடது கைச் சட்டையை மெல்ல மேலே தூக்கினார்.

பார்த்துவிட்டுச் சட்டையைத் திரும்ப இறக்கிவிட்டார். அவர் நாகரிகமான மனிதர்.

அதன் பிறகுதான் எட்டுப் பேருக்கும் அவரவர் இரத்தத்தையே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரை அன்றே கொழும்புக்கு அனுப்பினார்கள். மணி அடித்துவிட்டுப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள். சில வீடுகளில் பதில் வந்தது. சில வீடுகளில் வேறு யாரோ எடுத்து, அவர் இல்லை என்று சொன்னார்கள். எத்தனை வீடு என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் நோயாளிகளை எண்ணியதில்லை. நான் பேர் போட்டவன்.

ஆம். நான்தான் செய்தேன். சண்முகவடிவுக்கு வரவேண்டிய தட்டணுப் பை என்னால்தான் வரவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: என் காலத்தில் இந்த வாட்டில் யாருக்கும் வேலை போகவில்லை.

காய்ச்சல் முற்றியதால் என்னை இங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள். கொழும்புக்குப் போனவர்களின் கட்டில்களில் எட்டாவதுதான் எனக்குக் கிடைத்தது. ஜன்னலோரம். வெளியே மலை தெரிகிறது. டெங்குக்கும் தட்டணுதான் கணக்கு. ரொம்ப விழுந்தால் நுவரெலியாவிலிருந்து பை வர வேண்டும். வர வேண்டுமா வேண்டாமா என்பதை இலக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆய்வுகூடத்துக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை. தனுஜாதான் இரத்தம் எடுக்கிறாள், அவளேதான் இயந்திரத்திலும் வைக்கிறாள். செல்லசாமி ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். அவள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

சற்று முன்பு நீங்கள் போன் பேச வெளியே போனீர்களே, அப்போது அவள் வந்தாள். இன்று காலையிலிருந்து என் பல்லீறில் இரத்தம் கசிகிறது. தலையணையிலும் கொஞ்சம் பட்டிருக்கிறது. அதை அவள் பார்த்தாள். மேசையில் ஒரு புதுப் பல் தூரிகையை வைத்தாள். நீல நிறம். சுவர்த் திரையில் எட்டாம் கட்டிலுக்கு நேரே இருந்த இலக்கத்தைப் பார்த்தேன். பாட நூலில் இருக்கிற மாதிரி இருந்தது.

"தனுஜா, இது என்னுடையதுதானா?" என்று கேட்டேன்.

அவள் போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். என் உடுப்புப் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"மெசின் பொய் சொல்லாதுண்ணே. ஒங்களுக்கு முழுப் பேர் விழுந்திருச்சு, எந்திரிச்சுப் போய் மணிய அடிங்க."